டிசி மோட்டாரும் ஜெனரேட்டரும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எனக்கு ஒரு பாலிடெக்னிக்கின் மெஷின் லேபில் வேலை. சாயங்காலமானால் நண்பரின் ரீவைண்டிங் பட்டறையில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு இடத்திலும் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்கும் தோரணைதான் வேறு. ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது என்று எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே ஷண்ட் மோட்டாரைத்தான் (அது என்ன வகை என்று ஏழாம் பதிலில் இருக்கிறது) எடுத்துக்கொள்கிறேன். சப்ளை 220 வோல்ட், ஆர்மெச்சர் (மோட்டாரில் சுற்றுகிற பாகம்) ரெசிஸ்டன்ஸ் 0.5 ஓம், முழு லோடில் ஆர்மெச்சர் கரண்ட் 20 ஆம்பியர், வேகம் 1500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1500 சுற்று). இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

1. கரண்ட் கொடுத்தா மோட்டார் ஏன் சார் சுத்துது?

காந்தப்புலத்துக்குள் இருக்கும் கம்பியில் மின்னோட்டம் போனால் அந்தக் கம்பியை ஒரு விசை பக்கவாட்டில் தள்ளும். காந்தம் எவ்வளவு பலமோ, கரண்ட் எவ்வளவோ, புலத்துக்குள் இருக்கும் கம்பி எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்குத் தள்ளும். பத்தாம் வகுப்பில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் விறைப்பாக வைத்துக்கொண்டு படித்த ஃபிளெமிங்கின் இடக்கை விதி அந்தத் தள்ளலின் திசையைச் சொல்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

ஒரு சட்டம் மாதிரி கம்பியை வளைத்து அச்சில் மாட்டினால், ஒரு பக்கம் மேலே தள்ளப்படும், எதிர்ப் பக்கம் கீழே தள்ளப்படும். அதனால் சுழற்சி வருகிறது. ஆர்மெச்சர் என்பது இப்படிப்பட்ட பல சட்டங்களை இரும்பு உருளையின் காடிகளில் அடுக்கி வைத்ததுதான்.

2. மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒண்ணுதான்னு சொல்றாங்க. நெஜமாவா?

நிஜம்தான். கரண்ட் கொடுத்தால் சுற்றுகிறது; நீங்கள் சுற்றினால் கரண்ட் தருகிறது. இரண்டு பொம்மை மோட்டார்களை வாங்கி, ஒன்றின் இரண்டு வயரையும் மற்றதன் இரண்டு வயரோடு இணையுங்கள். ஒன்றின் அச்சில் நூலைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் மற்றது துள்ளும். பேட்டரி கிடையாது. ஐம்பது ரூபாய்ச் செலவில் பாதிப் பாடம் முடிந்தது.

சுற்றும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். ஆனால் அதே டைனமோவை மோட்டாராகவும் ஓட்டலாம் என்பது உலகத்துக்கு உறைத்தது 1873இல், வியன்னா கண்காட்சியில். ஓடிக்கொண்டிருந்த கிராம் டைனமோவின் கம்பிகளைச் சும்மா நின்ற இன்னொரு டைனமோவோடு இணைத்ததும் அது தானாகச் சுற்ற ஆரம்பித்தது. இடையில் நாற்பது வருஷத்துக்கு மேல் போயிருக்கிறது.

3. கம்யூட்டேட்டர் எதுக்கு? வயரை நேரா இணைச்சா ஆகாதா?

வயர் முறுக்கிக்கொள்ளும், அது முதல் தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வடதுருவத்தின் கீழ் மேலே தள்ளப்பட்ட கம்பி, அரைச் சுற்று போனதும் தென்துருவத்தின் கீழ் வந்துவிடுகிறது. கரண்ட் அதே திசையில் இருந்தால் இப்போது அதே கம்பியைத் திருப்பித் தள்ளும். ஆர்மெச்சர் ஊஞ்சல் மாதிரி ஆடி நின்றுவிடும். எனவே ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் கம்பிக்குள் கரண்டின் திசை மாற வேண்டும். அதைச் செய்வதுதான் கம்யூட்டேட்டர்: ஆர்மெச்சரோடு சேர்ந்து சுற்றும், துண்டு துண்டான செம்பு வளையம். நிற்கிற கார்பன் பிரஷ்கள் அதை உரசிக்கொண்டு கரண்டைக் கொண்டுபோகும்.

பாடப்புத்தகத்தில் இரண்டு துண்டாகப் பிளந்த வளையத்தைப் படம் போட்டிருப்பார்கள். உண்மையான கம்யூட்டேட்டரில் செம்புத் துண்டுகள் பத்துக் கணக்கில், பெரிய மெஷினில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மைக்கா தகடு. எத்தனை துண்டு கூடுகிறதோ அத்தனைக்கு வெளியே வரும் டிசி ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கும்.

4. அப்போ டிசி ஜெனரேட்டருக்குள்ள பிறக்கிறது ஏசியா?

ஆமாம். இதைச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் நம்புவதில்லை. உள்ளே பிறப்பது திசை மாறி மாறி ஓடும் ஏசிதான், கம்யூட்டேட்டர்தான் வாசலில் நின்று ஒரே திசையாக்கி அனுப்புகிறது. ஆர்மெச்சர் இரும்பை ஒரே கட்டியாக வார்க்காமல் வார்னிஷ் பூசிய மெல்லிய தகடுகளாக அடுக்குவதும் இதனால்தான். கட்டி இரும்பாக இருந்தால் உள்ளே சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடேறும்.

சைக்கிள் டைனமோவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் கம்யூட்டேட்டரே கிடையாது. சுற்றுவது காந்தம், நிற்பது காயில். வெளியே வருவது ஏசி. பல்புக்கு எது வந்தாலும் சரி. பெயர்தான் டைனமோ.

5. பேக் இ.எம்.எஃப்னா என்ன சார்? ஃபார்முலா இருக்கு, மண்டையில ஏறல.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் பதிலில் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: சுற்றினால் மின்னழுத்தம் பிறக்கும். யார் சுற்றினார்கள் என்று கம்பிக்குத் தெரியாது. கையால் சுற்றினாலும் சரி, அதே மெஷின் மோட்டாராகத் தானே சுற்றினாலும் சரி, காந்தப்புலத்தை வெட்டுகிற கம்பியில் மின்னழுத்தம் பிறந்தே தீரும். அது சப்ளைக்கு எதிராக நிற்கும். அதுதான் பேக் இ.எம்.எஃப். ஓடுகிற ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும் ஒரு ஜெனரேட்டர் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

நம் மோட்டாரில் பாருங்கள். 20 ஆம்பியர், 0.5 ஓம் என்றால் ரெசிஸ்டன்ஸில் விழுவது 10 வோல்ட்தான். சப்ளை 220. மீதி 210 வோல்ட் எங்கே போனது? அதுதான் பேக் இ.எம்.எஃப். அந்த 210ஐ 20 ஆம்பியரால் பெருக்கினால் 4200 வாட். அவ்வளவும் சுழற்சி சக்தியாக மாறுகிறது. பேக் இ.எம்.எஃப் ஏதோ நஷ்டம் என்று நினைப்பவர்கள் நிறைய. நேர் எதிர். மோட்டார் வேலை செய்வதே அதை எதிர்த்துக் கரண்ட் போவதால்தான்.

லோடு ஏற்றினால் என்ன ஆகும்? வேகம் கொஞ்சம் குறையும், பேக் இ.எம்.எஃப் குறையும், சப்ளைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடும், கரண்ட் தானாகக் கூடும், முறுக்கு விசை கூடும். லோடை எடுத்தால் எல்லாம் தலைகீழ். யாரும் சொல்லாமலே மோட்டார் தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொள்கிறது. லோடே இல்லாதபோது ஆர்மெச்சர் 1 ஆம்பியர் மட்டும் எடுக்கிறது என்று வைத்தால், பேக் இ.எம்.எஃப் 219.5 வோல்ட், வேகம் 1568 ஆர்பிஎம். முழு லோடுக்கும் வெறும் ஓட்டத்துக்கும் 68 சுற்றுதான் வித்தியாசம்.

6. ஸ்டார்ட்டர் இல்லாம போடாதேன்னு ஏன் திட்டுறீங்க? என் தம்பியோட பொம்மை கார் நேரா பேட்டரியில ஓடுதே?

சுவிட்ச் போட்ட நொடியில் ஆர்மெச்சர் நின்றுகொண்டிருக்கிறது. சுற்றாத ஆர்மெச்சரில் பேக் இ.எம்.எஃப் பூஜ்யம். 220 வோல்ட்டுக்கும் 0.5 ஓமுக்கும் நடுவில் நிற்க ஆளே இல்லை. 440 ஆம்பியர், அதாவது முழு லோடைப் போல 22 மடங்கு. ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் கம்யூட்டேட்டர் கருகும். அதனால்தான் தொடக்கத்தில் ஏழு ஓம் அளவுக்கு ரெசிஸ்டன்ஸைத் தொடரில் போட்டு கரண்டை 30 ஆம்பியர் பக்கம் நிறுத்துகிறோம். வேகம் ஏற ஏற ஒவ்வொரு படியாக ரெசிஸ்டன்ஸை வெட்டுகிறோம். இதற்கான கைப்பிடி வைத்த பெட்டிதான் ஸ்டார்ட்டர். கைப்பிடியை ஒரே இழுப்பில் கடைசிக்குத் தள்ளுகிற பையனைத்தான் நான் திட்டுவது.

மூன்று முனை ஸ்டார்ட்டரின் கைப்பிடியை ஒரு சின்ன மின்காந்தம் பிடித்துவைத்திருக்கும். கரண்ட் போய்விட்டால் காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் கைப்பிடியை ஆரம்ப இடத்துக்கே இழுத்துவிடும். திரும்பக் கரண்ட் வரும்போது மோட்டார் நேரடியாக சப்ளையில் மாட்டாது. மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பொம்மைக் காரில் கம்பி தலைமுடி கனம், அதன் ரெசிஸ்டன்ஸே கரண்டைக் கட்டுப்படுத்தும். ஆர்மெச்சரும் கடுகளவு, கண் இமைப்பதற்குள் முழு வேகம் பிடித்துவிடும். சின்ன மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வேண்டாம்.

7. ஷண்ட், சீரிஸ், காம்பவுண்ட்: எதை எங்க போடறது?

காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலை ஆர்மெச்சருக்கு இணையாகப் போட்டால் ஷண்ட். மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கில் சுற்று. லோடு மாறினாலும் வேகம் பெரிதாக மாறாது. லேத், ஊதுகாற்றாடி மாதிரி நிதானமான வேலைகளுக்கு. தொடராகப் போட்டால் சீரிஸ். தடித்த கம்பி, கொஞ்சம் சுற்று. லோடு கூடினால் காந்தமும் சேர்ந்து கூடுவதால், கிளம்பும்போது முறுக்கு விசை பிரமாதமாக இருக்கும். ரயில், டிராம், கிரேன், கார் ஸ்டார்ட்டர். இரண்டும் கலந்தால் காம்பவுண்ட்; லோடு திடீர் திடீரென்று மாறும் பஞ்சிங் மெஷின், பழைய லிஃப்ட் போன்றவற்றுக்கு. நிரந்தரக் காந்தம் வைத்தது நான்காவது வகை: கார் வைப்பர், பவர் விண்டோ, பொம்மை.

8. சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாம ஓட்டினா என்ன ஆயிடும்?

வேகம் ஏறிக்கொண்டே போகும். லோடு இல்லை என்றால் கரண்ட் குறைவு. கரண்ட்தான் ஃபீல்டிலும் போகிறது, எனவே காந்தமும் குறைவு. குறைந்த காந்தத்தில் சப்ளைக்கு ஈடான பேக் இ.எம்.எஃப்பை உண்டாக்க ஆர்மெச்சர் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. சுற்றினால் கரண்ட் இன்னும் குறைகிறது, காந்தம் இன்னும் குறைகிறது. இந்தத் துரத்தலுக்கு முடிவு என்பது பேரிங் உராய்வும் காற்றும் தடுத்தால்தான், அல்லது ஆர்மெச்சர் கட்டு பிய்ந்தால்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறையில் இதைப் பார்த்தேன். பெல்ட் போட்டு சீரிஸ் மோட்டாரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட் நழுவியது. முதலில் ஒரு ரீங்காரம், அப்புறம் விசில் மாதிரி, அப்புறம் காதைப் பொத்தவைக்கும் கீச்சு. ஒருவர் பாய்ந்து மெயினை இறக்கினார். இறக்கிய பிறகும் அது நிற்க வெகுநேரம் ஆனது. திறந்து பார்த்தால் ஆர்மெச்சர் தலைப்பில் கட்டியிருந்த நாடா அறுந்து, காயில்கள் பூ விரிந்த மாதிரி வெளியே வந்திருந்தன. சீரிஸ் மோட்டாரை லோடோடு கியரிலோ நேரடிக் கப்ளிங்கிலோதான் பிணைக்க வேண்டும், பெல்ட் கூடாது என்பதற்கு அந்த ஆர்மெச்சரே சாட்சி.

9. ஃபீல்டைக் குறைச்சா வேகம் எப்படி கூடும்? காந்தம் குறைஞ்சா பலமும் குறையணும்ல?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் ஃபார்முலாவை மட்டும் எழுதிப் பாஸ் ஆகிறவர்களைவிடக் கேட்கிறவரைப் பிடிக்கும்.

நம் மோட்டார் முழு லோடில் ஓடுகிறது. ஃபீல்டு ரியோஸ்டாட்டைத் (கூட்டிக் குறைக்கக்கூடிய ரெசிஸ்டன்ஸ்) திருப்பி காந்தத்தை 10 சதவீதம் குறைக்கிறோம். வேகம் உடனே மாறிவிடாது, ஆர்மெச்சருக்கு எடை இருக்கிறதே. எனவே அந்த நொடியில் பேக் இ.எம்.எஃப் 210இலிருந்து 189 ஆக விழும். இடைவெளி 10 வோல்ட்டாக இருந்தது 31 வோல்ட் ஆகிறது. கரண்ட் 20இலிருந்து 62 ஆம்பியருக்குத் தாவும். காந்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது, கரண்டோ மூன்று மடங்கு கூடியது. இரண்டையும் பெருக்கினால் முறுக்கு விசை 2.8 மடங்கு. வேகம் ஏறாமல் என்ன செய்யும்? ஏற ஏற பேக் இ.எம்.எஃப் மீண்டும் வளர்ந்து, கரண்ட் 22 ஆம்பியர் பக்கம் வந்து, சுமார் 1658 ஆர்பிஎம்மில் அமைதியாகும்.

சந்தேகம் எங்கே வந்தது என்றால், காந்தம் குறையும்போது கரண்ட் அப்படியே இருக்கும் என்று நினைத்ததில். அது இருக்காது.

10. அப்ப ஃபீல்டு வயரே கழண்டு போச்சுன்னா?

மேலே உள்ளதன் விபரீத வடிவம். இரும்பில் மிஞ்சியிருக்கும் சொற்பக் காந்தம் மட்டும்தான் மிச்சம். லோடு குறைவாக இருந்தால் எட்டாம் பதிலில் சொன்ன மாதிரி பிய்த்துக்கொண்டு ஓடும். லோடு அதிகமாக இருந்தால் கரண்ட் தாவி ஃபியூஸ் எரியும். ஃபீல்டு சர்க்யூட்டில் ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது என்பது இதனால்தான். மூன்று முனை ஸ்டார்ட்டரின் பிடிகாந்தம் ஃபீல்டோடு தொடரில் இருப்பதும் ஒரு பாதுகாப்பு: ஃபீல்டு அறுந்தால் கைப்பிடி விழுந்துவிடும்.

11. பிளஸ் மைனஸை மாத்திக் கொடுத்தும் அதே பக்கம்தான் சுத்துது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. ஷண்ட், சீரிஸ் இரண்டிலும் சப்ளை வயரை மாற்றினால் ஆர்மெச்சர் கரண்ட், காந்தம் இரண்டுமே திரும்பிவிடும். மைனஸை மைனஸால் பெருக்கிய கதை. திசை மாற வேண்டுமென்றால் ஆர்மெச்சரை மட்டும் அல்லது ஃபீல்டை மட்டும் மாற்றுங்கள். ஆர்மெச்சரை மாற்றினால் அதோடு தொடரில் இருக்கும் இன்டர்போல் (பெரிய துருவங்களுக்கு நடுவில் இருக்கும் சின்னத் துருவம்) காயில்களும் சேர்ந்தே திரும்ப வேண்டும். இல்லையென்றால் தீப்பொறி பறக்கும். நிரந்தரக் காந்த மோட்டாரில் காந்தம் மாறாது என்பதால் வயரை மாற்றினாலே போதும்.

12. மிக்ஸியில இருக்கிறது டிசி மோட்டாரா, ஏசி மோட்டாரா?

இரண்டும். முந்தைய பதிலை இன்னொரு முறை படியுங்கள்: சீரிஸ் மோட்டாரில் கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் சுற்றுவது ஒரே பக்கம். அப்படியென்றால் நொடிக்கு நூறு முறை திசை மாறும் நம் வீட்டு ஏசியைக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தானே சுற்றும்? அதுதான் யுனிவர்சல் மோட்டார். ஃபீல்டு இரும்பையும் தகடாக அடுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான் மாற்றம். மிக்ஸி, டிரில்லிங் மெஷின், தையல் மெஷின் மோட்டார் எல்லாம் இதுதான். வெறும் ஜாரில் மிக்ஸியை ஓட்டினால் வரும் அலறலும், மாவு கெட்டியானதும் தொனி இறங்குவதும் எட்டாம் பதிலில் சொன்ன சீரிஸ் குணம்.

13. பிரஷ்ல தீப்பொறி வருது. புது பிரஷ் போட்டா சரியாயிடுமா?

சில சமயம் ஆகும். பெரும்பாலும் பிரஷ் குற்றவாளி இல்லை, சாட்சி. முதலில் கம்யூட்டேட்டரின் நிறத்தைப் பாருங்கள். சீராகச் சாக்லேட் பழுப்பில் மெல்லிய பளபளப்பு இருந்தால் அது ஆரோக்கியம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது அறியாமை. ஒன்றிரண்டு துண்டு மட்டும் கருகியிருந்தால், அதோடு சேர்ந்த காயில் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட். சுற்று முழுவதும் கருமை என்றால் ஸ்பிரிங் தளர்ச்சி, தவறான ரக பிரஷ், ஓவர்லோடு இவற்றில் ஒன்று.

செம்பு தேய்கிற அளவுக்கு மைக்கா தேயாது. நாளாக நாளாக மைக்கா வரப்பு மாதிரி எழுந்து நிற்கும், பிரஷ் அதன் மேல் குதித்துக் குதித்துப் போகும். அதனால்தான் ஒடிந்த ஹேக்ஸா பிளேடைத் தீட்டிக் கைப்பிடி கட்டி, ஒவ்வொரு மைக்காவையும் ஒரு மில்லிமீட்டருக்குள் கீழே இறக்கிச் சுரண்டுகிறோம். பட்டறையில் பொறுமை அதிகம் கேட்கும் வேலை இதுதான். எமரித் தாள் மட்டும் வேண்டாம். அதன் தூள் மின்சாரம் கடத்தும், துண்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஷார்ட் காயிலைக் கண்டுபிடிக்க க்ரோலர் இருக்கிறது. ஏசி மின்காந்தத்தின் மேல் ஆர்மெச்சரைக் கிடத்தி, காடிகளின் மேல் பிளேடைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். கெட்ட காயில் உள்ள காடி வந்ததும் பிளேடு தட தடவென்று அதிரும். ரீவைண்டிங் முடிந்து வந்த மோட்டார் முதல் நாளிலேயே பொறி கக்கினால் இன்டர்போல் இணைப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் திசைமாறும் கணத்தில் காயிலுக்கு உதவவே அந்தச் சின்னத் துருவங்கள். மாற்றி இணைத்தால் உதவுவதற்குப் பதில் எதிரியாகிவிடும்.

14. ஜெனரேட்டர் நல்லா சுத்துது, வோல்டேஜ் மட்டும் ஏறவே மாட்டேங்குது.

ஷண்ட் ஜெனரேட்டர் தன் காந்தத்துக்கான கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முதல் கரண்டுக்கு முதல் காந்தம் வேண்டுமே? அது இரும்பில் மிஞ்சிய காந்தம். அது சில வோல்ட்டைத் தரும், அந்தச் சில வோல்ட் ஃபீல்டில் கொஞ்சம் கரண்ட் அனுப்பும், காந்தம் வலுக்கும், வோல்டேஜ் ஏறும். தயிருக்கு உறை குத்துவது மாதிரி. உறைமோர் இல்லாவிட்டால் பால் பாலாகவே இருக்கும்.

ஃபீல்டைக் கழற்றிவிட்டு ஓட்டி வோல்ட்மீட்டரைப் பாருங்கள். முள் அசையவே இல்லை என்றால் மிச்சக் காந்தம் போய்விட்டது. ஃபீல்டு காயிலுக்கு 12 வோல்ட் பேட்டரியைச் சில நொடி கொடுங்கள். துருவம் பழையபடி இருக்கட்டும், கழற்றும்போது வயர் முனையைத் தொடாதீர்கள். அந்தக் காயில் விடும்போது நன்றாக அறையும். சில வோல்ட் காட்டுகிறது, ஆனால் ஃபீல்டை இணைத்ததும் குறைகிறது என்றால் ஃபீல்டு முனைகள் மாறியிருக்கின்றன, அல்லது மெஷின் தலைகீழாகச் சுற்றுகிறது. இரண்டும் இல்லை என்றால் ரியோஸ்டாட் முழுவதும் உள்ளே இருக்கிறதா, வேகம் போதுமா, பிரஷ் கம்யூட்டேட்டரைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

15. கார்ல முன்னாடி டைனமோன்னாங்க, இப்ப ஆல்டர்னேட்டர்ங்கறாங்க. டிசி எங்க போச்சு?

டைனமோவில் மொத்த சார்ஜிங் கரண்டும் சுற்றுகிற ஆர்மெச்சரிலிருந்து கம்யூட்டேட்டர், பிரஷ் வழியாக வர வேண்டும். சிக்னலில் நின்றால் வேகம் போதாது, சார்ஜ் ஆகாது. ஆல்டர்னேட்டரில் சுற்றுவது காந்தம். அதற்குச் சில ஆம்பியர் போதும். பெரிய கரண்ட் நிற்கிற காயிலில் பிறக்கிறது. கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் சிலிக்கான் டையோடு மலிவானதும், 1960களில் கார்கள் இந்தப் பக்கம் மாறின. கம்யூட்டேட்டர் செய்த வேலையை ஆறு டையோடு செய்கிறது.

ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் இன்னும் பிரஷ் வைத்த டிசி மோட்டார்தான். சாவி திருப்பும்போது ஹெட்லைட் மங்குகிறதே, ஆறாம் பதிலில் சொன்ன பூஜ்ய பேக் இ.எம்.எஃப்பைக் கண்ணால் பார்ப்பது அதுதான்.

16. வேகத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டன்ஸ் போட்டா போதாதா? டிரைவ் எதுக்கு அவ்வளவு விலை?

போதும், கரண்ட் பில் கட்டுவது நீங்களாக இல்லாவிட்டால். நம் மோட்டாரை அதே லோடில் பாதி வேகத்தில் ஓட்டப் பேக் இ.எம்.எஃப் 105 வோல்ட் ஆக வேண்டும். கூடுதல் ரெசிஸ்டன்ஸில் 105 வோல்ட்டை வீணாக்க வேண்டும். 20 ஆம்பியரோடு பெருக்கினால் 2100 வாட். பக்கத்தில் ஒரு கீஸரை ஓடவிட்ட மாதிரி.

1891இல் வார்டு லியோனார்டு என்ற அமெரிக்கர் வேறு வழி சொன்னார்: தனி மோட்டார், தனி ஜெனரேட்டர் வைத்து, ஜெனரேட்டரின் ஃபீல்டைத் திருகி வேண்டிய வோல்டேஜை உண்டாக்கு. லிஃப்ட்டும் உருட்டாலையும் பல பத்தாண்டு இதில்தான் ஓடின. ஒரு மோட்டாரை ஆட்ட மூன்று மெஷின். பிறகு தைரிஸ்டர் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் வந்தது. இப்போது டிரைவ் என்ற பெட்டிக்குள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை எலக்ட்ரானிக் சுவிட்சை மூடித் திறந்து, சராசரி வோல்டேஜைக் குறைக்கிறார்கள். சுவிட்ச் முழுதாக மூடியிருக்கும் அல்லது முழுதாகத் திறந்திருக்கும். நடுவில் சூடாக எதுவும் இல்லை. விலை அதற்குத்தான்.

17. மோட்டாரே பிரேக் பிடிக்குமாமே?

பிடிக்கும். சப்ளையைவிடப் பேக் இ.எம்.எஃப் கூடிவிட்டால் கரண்ட் திரும்பி ஓடும். மோட்டார் ஜெனரேட்டராகிவிடும், அச்சைப் பிடித்து இழுக்கும், கரண்ட் லைனுக்கே திரும்பும். மலையிறக்கத்தில் வண்டியே மோட்டாரைச் சுழற்றும்போது இது கைகொடுக்கும். மும்பையிலிருந்து மலையேறும் போர் காட், தல் காட் பாதைகளில் ஓடிய, 'கேக்டா' (நண்டு) என்று பட்டப்பெயர் பெற்ற பழைய 1500 வோல்ட் டிசி எஞ்சின்கள் இப்படித்தான் இறங்கின. சீரிஸ் மோட்டார் அப்படியே இந்த வேலைக்கு ஒத்துவராது. ஃபீல்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்தால்தான் அடங்கும்.

லைனுக்கு அனுப்பாமல் ஒரு ரெசிஸ்டன்ஸில் எரித்துவிடுவது இன்னொரு வகை. ஓடும் மோட்டாருக்கு ஆர்மெச்சர் வயரை மாற்றிக் கொடுத்து நிறுத்துவது மூன்றாவது. அதில் 220ம் 210ம் கூடி 430 வோல்ட், 860 ஆம்பியர். ரெசிஸ்டன்ஸ் இல்லாமல் முயன்று பார்க்காதீர்கள். வேகம் பூஜ்யத்தை நெருங்கினால் பேக் இ.எம்.எஃப்பும் பூஜ்யம் என்பதால், முதல் இரண்டு வகையும் வண்டியைக் கடைசிவரை நிறுத்தாது. கட்டைப் பிரேக் வேண்டும்.

18. மெட்ராஸ் எலக்ட்ரிக் ட்ரெயின் டிசியிலயா ஓடிச்சு?

ஆமாம். அதற்கும் முன்னால் 1895இல் மெட்ராஸில் மின்சார டிராம் வந்துவிட்டது. 1953 வரை ஓடியது. பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1931இல் 1500 வோல்ட் டிசியில் மின்ரயில் ஆரம்பித்தது. 1960களில் அது 25,000 வோல்ட் ஏசிக்கு மாறியது. காரணம் எளிய வகுத்தல். 3000 கிலோவாட் வேண்டுமென்றால் 1500 வோல்ட்டில் 2000 ஆம்பியர், 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர். மேலே போகும் கம்பி மெலிகிறது, சப் ஸ்டேஷன்களின் எண்ணிக்கை குறைகிறது.

ஆனால் ஏசிக்கு மாறியது கம்பிதான், மோட்டார் அல்ல. வண்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் வைத்து டிசி ஆக்கி, அதே சீரிஸ் மோட்டாரைத்தான் ரொம்ப நாள் ஓட்டினார்கள். இந்தியாவில் மூன்று ஃபேஸ் ஏசி மோட்டார் எஞ்சின்கள் 1990களில்தான் வந்தன.

19. பிஎல்டிசி ஃபேன்ல பிரஷ்ஷே இல்லயே. அது எப்படி டிசி மோட்டார்?

பெயரளவில். பிஎல்டிசி என்றால் பிரஷ் இல்லாத டிசி. சுற்றுவது காந்தம், நிற்பது காயில். எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் என்பதை எலக்ட்ரானிக் சுவிட்சுகள் தீர்மானிக்கின்றன. மூன்றாம் பதிலில் கம்யூட்டேட்டர் செய்த வேலையை இங்கே ஒரு சிப் செய்கிறது. சாதாரணச் சீலிங் ஃபேன் 75 வாட் பக்கம் எடுக்கும், இது 30 வாட் பக்கம். தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் பதின்மூன்று யூனிட் மிச்சம். ஆனால் கெட்டால் காயில் கட்டும் கடையில் வேலைக்காகாது, போர்டை மாற்ற வேண்டும். என் நண்பருக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

20. ஒரு மோட்டாரையும் ஜெனரேட்டரையும் கோத்துவிட்டா, கரண்டே இல்லாம ஓடிக்கிட்டே இருக்கும்னு வீடியோல காட்றாங்களே?

வீடியோவில் மேஜைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டமாட்டார்கள். நல்ல மோட்டார் 85 சதவீதம், நல்ல ஜெனரேட்டர் 85 சதவீதம் என்று வைத்தால் 100 வாட் போட்டு 72 வாட் திரும்பும். அடுத்த சுற்றில் 52. அப்புறம் நின்றுவிடும். செம்பில் சூடு, இரும்பில் சூடு, பேரிங்கில் உராய்வு என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஒரு வேடிக்கை: நாங்கள் லேபில் நிஜமாகவே இப்படிக் கோக்கிறோம். ஹாப்கின்சன் சோதனை என்று பெயர். ஒரே மாதிரி இரண்டு மெஷின்கள். ஒன்று மோட்டாராக மற்றதைச் சுழற்றும், மற்றது கரண்டை முதலாவதுக்கே திருப்பித் தரும். இரண்டும் முழு லோடில் சூடாகும். வெளியிலிருந்து சப்ளை தருவது நஷ்டத்தை மட்டும்தான். பெரிய மெஷின்களை வீண் செலவில்லாமல் சோதிக்க அருமையான வழி. சப்ளையை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும்.

21. சோலார் பேனலை நேரா டிசி மோட்டார் பம்புல இணைக்கலாமா? காலையில ஓட மாட்டேங்குது.

இணைக்கலாம், சின்ன நிரந்தரக் காந்த மோட்டார் என்றால். ஸ்டார்ட்டர் கூட வேண்டாம். ஷார்ட் செய்தாலும் பேனல் ஓரளவுக்கு மேல் கரண்ட் தராது என்பதால் ஆறாம் பதிலின் 440 ஆம்பியர் பயம் இங்கே இல்லை.

ஆனால் அதே குணம்தான் காலையில் காலை வாருகிறது. இளவெயிலில் பேனல் தரக்கூடிய கரண்ட் குறைவு. நிற்கிற மோட்டாருக்கு பேக் இ.எம்.எஃப் இல்லாததால் பேனலின் வோல்டேஜைத் தரையில் அமுக்கிவிடும். வருகிற சொற்பக் கரண்ட், பம்பைக் கிளப்பும் முறுக்கு விசைக்குப் போதாது. இம் என்ற ஓசையோடு நிற்கும். கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் சில சமயம் கிளம்பிவிடும். நல்ல வழி, நடுவில் ஒரு கன்வெர்ட்டர்: அதிக வோல்டேஜ், குறைந்த கரண்டை வாங்கி, குறைந்த வோல்டேஜ், அதிக கரண்டாக மோட்டாருக்குக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் வெயில் ஏறும்வரை காத்திருங்கள். அதுவரை சுவிட்சை அணைத்து வையுங்கள், நிற்கிற மோட்டாரில் கரண்ட் போனால் காயில் வீணாகச் சூடாகும்.